திடீர் குடல் இரத்த ஓட்டத் தடை

திடீர் குடல் இரத்த ஓட்டத் தடை என்பது குடலுக்குச் செல்லும் இரத்தம் சட்டென நின்றுவிடுவதாலோ மிகவும் குறைந்துவிடுவதாலோ குடலின் திசுக்கள் அழியத் தொடங்கும் அவசர நிலை ஆகும். மருத்துவர்கள் இதனை அக்யூட் மெசென்டெரிக் இஸ்கீமியா என்று அழைக்கின்றனர். மாரடைப்பில் இதயத் தசைக்கும், பக்கவாதத்தில் மூளைக்கும் நேர்வது இங்கே குடலுக்கு நேர்கிறது. ஆனால் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் பலர் பெயர் சொல்லியே அறிந்திருக்கின்றனர். குடலுக்கும் அப்படியொரு அடைப்பு வரும் என்பதைப் பெரும்பாலோர் அறிவதில்லை.

இந்நோய் அரிதானது. அவசர அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரில் ஆயிரத்துக்கு ஓரிருவரிடமே இது காணப்படுகிறது. எனினும் இது வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்துவிடுகின்றனர் என்று பல நாடுகளின் மருத்துவமனைப் பதிவுகள் காட்டுகின்றன. சிகிச்சை முறைகள் இல்லாதது இதற்குக் காரணமன்று. நோய் என்னவென்று தெரிவதற்குள் குடல் அழுகிவிடுவதே முதன்மையான காரணம். ஆகவே இந்நோயில் மருந்தையும் கத்தியையும்விட முதலில் தேவைப்படுவது சந்தேகம். இது குடல் அடைப்பாக இருக்குமோ என்று உரிய நேரத்தில் ஒருவர் ஐயப்பட வேண்டும். பெரிய மருத்துவமனைகளுக்குத் தொலைவில், எடுத்துக்காட்டாகப் பெரம்பலூர் மாவட்டத்தின் வாலிகண்டபுரம் போன்ற ஊர்களில் வாழ்வோருக்கு இந்தச் சந்தேகம் எழும் நேரமே பல சமயம் உயிரைத் தீர்மானிக்கிறது.

குடலுக்கு இரத்தம் வரும் வழி

சிறுகுடலும் பெருங்குடலும் வயிற்றின் பின்சுவரோடு விசிறி போன்ற ஒரு மடிப்பால் இணைக்கப்பட்டுள்ளன. இதற்கு நடுமடிப்பு என்று பெயர். குடலுக்கான இரத்தக் குழாய்கள் இந்த மடிப்பின் வழியாகவே ஓடுகின்றன.

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி வயிற்றுக்குள் வந்ததும் அதன் முன்பக்கத்திலிருந்து மூன்று கிளைகள் பிரிகின்றன. முதலாவது சீலியாக் தமனி. இது இரைப்பை, கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றுக்கு இரத்தம் தருகிறது. இரண்டாவது மேல் நடுமடிப்புத் தமனி. ஏறக்குறைய முழுச் சிறுகுடலும், பெருங்குடலின் முதல் பாதியும் இந்த ஒரே குழாயை நம்பியுள்ளன. மூன்றாவதான கீழ் நடுமடிப்புத் தமனி, பெருங்குடலின் எஞ்சிய பகுதிக்குச் செல்கிறது. குடலைச் சுற்றிய இரத்தம் சிரைகள் வழியாகத் திரண்டு கல்லீரலுக்குள் நுழைகிறது.

ஓய்வு நிலையில் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குடலுக்கும் அதைச் சார்ந்த உறுப்புகளுக்கும் செல்கிறது. உணவு உண்டபின் இப்பங்கு இன்னும் கூடும். மூன்று தமனிகளுக்கும் இடையே இணைப்புக் குழாய்கள் இருப்பதால், ஒரு தமனி பல ஆண்டுகளில் மெல்ல மெல்லச் சுருங்கினால் மற்றவை ஈடு கொடுக்கும். ஒரே நொடியில் அடைபட்டால் அந்த ஈடு போதாது.

நான்கு வகைகள்

இரத்த ஓட்டம் எப்படித் தடைபட்டது என்பதைப் பொறுத்து இந்நோய் நான்கு வகைப்படும்.

முதல் வகை, பெயர்ந்து வரும் இரத்தக் கட்டியால் ஏற்படும் அடைப்பு. பாதிக்குக் கொஞ்சம் குறைவான நோயாளிகளிடம் காணப்படுவது இதுவே. இதயத்துக்குள் உறைந்த ஒரு சிறு கட்டி பிய்த்துக்கொண்டு பெருந்தமனியில் மிதந்து வருகிறது. மேல் நடுமடிப்புத் தமனி பெருந்தமனியிலிருந்து குறுங்கோணத்தில் கீழ்நோக்கிப் பிரிவதால், இரத்தத்தோடு வரும் கட்டி எளிதாக அதற்குள் புகுந்துவிடுகிறது. தமனியின் தொடக்கத்திலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி, குழாய் குறுகும் இடத்தில் அது சிக்கிக்கொள்கிறது. அதனால் சிறுகுடலின் தொடக்கப் பகுதி பல சமயம் தப்பிக்க, அதற்குக் கீழுள்ள பெரும்பகுதி பாதிக்கப்படுகிறது.

இரண்டாம் வகை, தமனிக்குள்ளேயே உறையும் இரத்தத்தால் ஏற்படுவது. புகைபிடித்தல், சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றால் தமனியின் உட்சுவர் பல ஆண்டுகளாகத் தடித்து வந்திருக்கும். ஒருநாள் அந்த இடுக்கில் இரத்தம் உறைந்து வழி முழுதும் மூடிவிடுகிறது. இத்தகையோரில் பலருக்கு அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே சாப்பிட்ட அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் வயிறு வலித்து வந்திருக்கும். வலிக்குப் பயந்து உணவைக் குறைத்து, உடல் மெலிந்திருப்பர். அந்த வலியை அல்சர் என்று எண்ணி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வந்ததாகப் பிறகு தெரியவரும்.

மூன்றாம் வகை, சிரையில் இரத்தம் உறைவது. உள்ளே வந்த இரத்தம் வெளியேற வழியின்றித் தேங்க, குடல் வீங்கிக் கறுக்கிறது. கல்லீரல் சுருக்க நோய், கணைய அழற்சி, புற்றுநோய், மண்ணீரலை அகற்றிய அறுவை, கருத்தடை மாத்திரைகள், பிறவியிலேயே இரத்தம் எளிதில் உறையும் தன்மை, கடும் நீரிழப்பு ஆகியவை இதற்கு இடம் தருகின்றன. மற்ற வகைகளைவிட இது இளவயதினரிடமும் வருகிறது. வலி சில நாட்கள், சில சமயம் வாரக்கணக்கில் மெல்லக் கூடி வரும்.

நான்காம் வகையில் குழாயில் அடைப்பே இருக்காது. இதயம் பலவீனமாகி, அல்லது உடலில் கடும் நோய்த்தொற்று பரவி இரத்த அழுத்தம் விழும்போது, மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தத்தைக் காக்க உடல் குடலின் தமனிகளை இறுக்கிச் சுருக்குகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்போர், டயாலிசிஸ் செய்துகொள்வோர், பெரிய இதய அறுவை முடிந்தோர் ஆகியோரிடம் இது தோன்றுகிறது.

இதய வால்வு நோயும் குடலும்

பெயர்ந்து வரும் இரத்தக் கட்டி பெரும்பாலும் உருவாவது, இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் துடிப்புக் கோளாறில்தான். மேலறை நடுங்கும்போது இரத்தம் அங்கே தேங்குகிறது. தேங்கிய இரத்தம் உறைகிறது. மேலை நாடுகளில் இக்கோளாறு பெரும்பாலும் முதியோரிடம் காணப்படுகிறது. இந்தியாவில் அதற்கு இன்னொரு வாசலும் உண்டு. சிறுவயதில் தொண்டைப் புண்ணுக்குப் பின் வரும் ருமாட்டிக் காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வைத் தடிக்கச் செய்து சுருக்கிவிடுகிறது. அவர்களுக்கு முப்பது, நாற்பது வயதிலேயே மேலறை விரிந்து துடிப்பு தவறக்கூடும். எனவே ‘வயதானவருக்குத்தானே இந்நோய் வரும்’ என்று எண்ணி, வால்வு நோயுள்ள நடுவயதுப் பெண்ணின் வயிற்று வலியை ஒதுக்கிவிட முடியாது.

அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர்கள், இதயத் தசை வீங்கிப் பலவீனமானவர்கள், முன்பு பக்கவாதம் வந்தவர்கள், கை கால் தமனியில் அடைப்பு ஏற்பட்டவர்கள் ஆகியோரும் இந்த ஆபத்து வட்டத்துக்குள் வருகின்றனர்.

மணிக்கணக்கில் நிகழ்வது

இரத்தம் நின்ற சில நிமிடங்களிலேயே குடலின் உட்படலம் பாதிக்கப்படத் தொடங்குகிறது. உணவை உறிஞ்சும் நுண்விரல்களின் நுனிகளே முதலில் சிதைகின்றன. இந்தக் கட்டத்தில் குடலின் வெளிச்சுவர் நன்றாகவே இருக்கும். குடல் தசை வலியால் இறுகித் துடிக்கும், நோயாளி கதறுவார், ஆனால் வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் மென்மையாக இருக்கும்.

முழு அடைப்பு ஏறத்தாழ ஆறு மணி நேரம் நீடித்தால் சுவரின் எல்லா அடுக்குகளும் மீளமுடியாதபடி அழியக்கூடும். இடையில் வலி சற்றுக் குறைந்தது போலத் தோன்றுவதும் உண்டு. இது ஏமாற்றும் அமைதி. நரம்புகள் செயலிழப்பதால் வரும் இந்த இடைவெளியைக் குணம் என்று நம்பி வீடு திரும்புவோர் உண்டு. அதன்பின் குடலிலுள்ள பாக்டீரியாக்கள் சுவரைக் கடந்து வயிற்றறைக்குள்ளும் இரத்தத்துக்குள்ளும் புகுகின்றன. வயிறு பலகை போல இறுகுகிறது. இரத்த அழுத்தம் விழுகிறது. சிறுநீரகம் முதலான உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கின்றன.

நோய் தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் கண்டறியப்பட்டால் ஏறக்குறைய பாதிப்பேர் பிழைக்கின்றனர். அதற்குப் பின் கண்டறியப்பட்டால் பிழைப்போர் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

அறிகுறிகள்

மருத்துவ மாணவர்களுக்கு இந்நோயைப் பற்றிக் கற்பிக்கப்படும் முதல் பாடம், வலிக்கும் வயிற்றின் நிலைக்கும் பொருத்தம் இராது என்பதாகும். நோயாளி தாங்கமுடியாமல் உருளுவார், சாதாரண வலிநிவாரணி ஊசிக்கு வலி அடங்காது. ஆனால் மருத்துவர் வயிற்றை அழுத்தும்போது பெரிதாக எதுவும் தென்படாது. இந்த முரண்பாடே முதன்மையான துப்பு. அனுபவமற்ற கண்ணுக்கு இதுவே நோயாளி மிகைப்படுத்துகிறார் என்ற தவறான எண்ணத்தையும் தரும்.

தொப்புளைச் சுற்றித் திடீரெனத் தொடங்கும் கடும் வலி, அதனோடு வாந்தி அல்லது ஓரிரு முறை வயிற்றுப்போக்கு, இவற்றோடு இதயத் துடிப்புக் கோளாறோ வால்வு நோயோ இருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால் வேறு நோய் என்று உறுதியாகும்வரை குடல் அடைப்பு என்றே கொள்ள வேண்டும். மலத்தில் இரத்தம் கலந்து வருவது பெரும்பாலும் பிந்திய அறிகுறி. அது வரட்டும் என்று காத்திருப்பது தவறு.

வீடுகளில் இந்த வலிக்கு முதலில் சூட்டப்படும் பெயர் ‘கேஸ்’ அல்லது ‘வாய்வுப் பிடிப்பு’. சோடா, ஓம நீர், பெருங்காயம் கலந்த மோர், மருந்துக்கடையில் வாங்கிய அல்சர் மாத்திரை என்று சில மணி நேரம் போகிறது. வாந்தியும் பேதியும் இருந்தால் உணவு ஒவ்வாமை என்று தோன்றும். மருத்துவமனையிலும் குடல்வால் அழற்சி, பித்தப்பைக் கல், கணைய அழற்சி, சிறுநீரகக் கல் ஆகியவற்றோடு இது குழப்பப்படலாம். கணைய அழற்சிக்கு அடையாளமாகக் கொள்ளப்படும் அமைலேஸ் அளவு குடல் அடைப்பிலும் ஓரளவு உயர்வதால் அந்தக் குழப்பம் எளிதில் நேர்கிறது.

நீரிழிவு நோயாளிகளும் மிக முதியவர்களும் வலியைத் தெளிவாகச் சொல்லாமல் போகலாம். அவர்களிடம் திடீர்க் குழப்பம், வயிற்று உப்பசம், வேகமான மூச்சு ஆகியவை மட்டுமே தெரியக்கூடும்.

நோயறிதல்

இந்நோயை உறுதி செய்யும் ஒற்றை இரத்தப் பரிசோதனை இதுவரை இல்லை. வெள்ளணுக்கள் பெரும்பாலும் உயர்ந்திருக்கும். திசுக்கள் ஆக்சிஜனின்றித் தவிக்கும்போது சேரும் லாக்டேட் என்னும் பொருளின் அளவு கூடும். ஆனால் தொடக்க மணிநேரங்களில் அது இயல்பாகவே இருக்கலாம். எனவே லாக்டேட் இயல்பு என்பதை வைத்து நோய் இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. டி-டைமர் என்னும் பரிசோதனை இயல்பாக இருந்தால் நோய்க்கான வாய்ப்பு குறைவு. உயர்ந்திருந்தால் அதற்கு வேறு பல காரணங்களும் இருக்கலாம்.

எக்ஸ்-ரே படம் தொடக்கத்தில் எதையும் காட்டாது. குடலில் ஓட்டை விழுந்திருந்தால் வெளியேறிய காற்றைக் காட்டும். அப்போது காலம் கடந்திருக்கும். வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் குடலிலுள்ள காற்றால் மறைக்கப்படுகிறது. ‘ஸ்கேன் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை’ என்ற ஆறுதல் இந்நோயில் செல்லாது.

எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கும் ஒரு துப்பு இ.சி.ஜி. வயிற்று வலியோடு வந்தவரின் நாடி ஒழுங்கற்றிருப்பதைக் கைவிரலாலேயே உணரலாம், இ.சி.ஜி. அதை ஒரு நிமிடத்தில் உறுதி செய்யும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சந்தேகத்தை எழுப்ப இது போதும்.

நோயை உறுதி செய்வது சி.டி. ஆஞ்சியோகிராம். கையிலுள்ள சிரையில் சாய மருந்தைச் செலுத்தி, அது தமனியில் ஓடும்போது ஒருமுறையும் சிரைக்கு வந்தபின் ஒருமுறையும் படம் எடுக்கப்படுகிறது. அடைப்பு இருக்கும் இடம், அதன் வகை, குடல் சுவரின் நிலை ஆகிய மூன்றும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். நூறு நோயாளிகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டோரிடம் இது நோயைச் சரியாகக் காட்டுகிறது. இதற்கு வாய்வழியாகச் சாயம் குடித்துக் காத்திருக்கத் தேவையில்லை. சாதாரண சி.டி. எடுத்தால் அடைப்பு தவறிப்போகலாம் என்பதால், படம் எழுதித் தரும் மருத்துவர் தம் சந்தேகத்தைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

சாய மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்குமே என்ற தயக்கம் பலரைத் தாமதிக்கச் செய்கிறது. கிரியாட்டினின் முடிவு வரும்வரை சி.டி. தள்ளிப்போடப்படுவதும் உண்டு. உலக அவசர அறுவை மருத்துவச் சங்கம் 2017இல் வெளியிட்டு 2022இல் புதுப்பித்த வழிகாட்டு நெறிகள், சந்தேகம் எழுந்தவுடன் சி.டி. ஆஞ்சியோகிராமைத் தாமதமின்றி எடுக்கச் சொல்கின்றன. குடல் அழுகினால் சிறுநீரகமும் உயிரும் சேர்ந்தே போகும் என்பதால் இங்கே தாமதமே பெரிய தீங்கு.

சிகிச்சை

முதல் மணி நேரம்: சிரை வழியாகத் திரவம் செலுத்தப்படுகிறது. ஆக்சிஜன் தரப்படுகிறது. வாய்வழி உணவும் நீரும் நிறுத்தப்பட்டு, மூக்கு வழியே குழாய் செலுத்தி இரைப்பை காலி செய்யப்படுகிறது. குடல் பாக்டீரியாக்களுக்கு எதிராகப் பரந்த ஆற்றலுள்ள நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் தொடங்கப்படுகின்றன. இரத்தக் கசிவு போன்ற தடைகள் இல்லையெனில், உறைவு மேலும் வளராமல் இருக்க ஹெப்பாரின் சிரை வழியே கொடுக்கப்படுகிறது. போதிய வலிநிவாரணி தருவது நோயறிதலை மறைத்துவிடாது. நோயாளியைத் துடிக்க விடத் தேவையில்லை. இரத்த அழுத்தத்தை உயர்த்த இரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்துகள் தவிர்க்க முடியாதபோது மட்டும் அளவோடு தரப்படுகின்றன. அவை குடலின் குழாய்களையும் சுருக்கிவிடும்.

அடைப்பை நீக்குதல்: வயிறு இறுகி, குடல் அழுகியதற்கான அடையாளம் இருந்தால் உடனே வயிற்றைத் திறக்க வேண்டும். அறுவை மருத்துவர் மேல் நடுமடிப்புத் தமனியைத் திறந்து, நுனியில் சிறு பலூன் கொண்ட ஃபோகார்ட்டி குழாயைச் செலுத்தி, பலூனை ஊதி இழுத்துக் கட்டியை வெளியே எடுப்பார். தமனியே பழுதாகியிருந்தால் மாற்றுவழிக் குழாய் இணைக்கப்படும். குடல் இன்னும் அழுகவில்லை என்று தெரிந்தால், தொடையிலோ கையிலோ உள்ள தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை உறிஞ்சுவதும், அதைக் கரைக்கும் மருந்தை அங்கேயே செலுத்துவதும், சுருங்கிய இடத்தில் ஸ்டென்ட் வைப்பதும் இயலும்.

குடலை அகற்றுதல்: இறந்துபோன குடல் கறுத்து, அசைவற்று, நாடித் துடிப்பின்றிக் கிடக்கும். அது வெட்டி நீக்கப்படுகிறது. முதலில் இரத்த ஓட்டத்தை மீட்டு, பிறகு எவ்வளவு குடலை நீக்குவது என்று முடிவு செய்வதே முறை. செத்தது போலத் தோன்றும் சில பகுதிகள் இரத்தம் திரும்பியதும் நிறம் மாறிப் பிழைத்துக்கொள்ளும்.

இரண்டாம் பார்வை: முதல் அறுவையின்போது ஐயமாக இருந்த குடல் பகுதி பிழைத்ததா இல்லையா என்பதை அறிய, 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வயிற்றை மறுபடியும் திறந்து பார்ப்பது வழக்கம். ‘மறுபடியும் ஏன் ஆபரேஷன்’ என்று குடும்பத்தினர் அஞ்சுவதுண்டு. இது முதல் அறுவை தோற்றதன் அடையாளம் அன்று. ஒவ்வொரு சாண் குடலையும் காப்பாற்றுவதற்கென முன்கூட்டியே திட்டமிடப்பட்ட ஒரு படி.

சிரை உறைவு வகையில் குடல் அழுகாதவரை ஹெப்பாரின் மட்டுமே பலருக்குப் போதுமானது. அதன்பின் இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரைகள் குறைந்தது மூன்று முதல் ஆறு மாதம் தொடரும். காரணம் நீங்காத சிலருக்கு வாழ்நாள் முழுதும் தேவைப்படும். அடைப்பில்லாத நான்காம் வகையில் அடிப்படை நோயைச் சரிசெய்வதே சிகிச்சை. இறுகிய தமனியைத் தளர்த்த பப்பாவரின் போன்ற மருந்துகளைக் குழாய் வழியே தமனிக்குள் செலுத்துவதும் உண்டு.

வாலிகண்டபுரத்திலிருந்து மருத்துவமனை வரை

வாலிகண்டபுரம், பெரம்பலூருக்கு வடக்கே திருச்சி - சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த பழைமையான ஊர். வாலீசுவரர் கோயிலால் அறியப்படுவது. சுற்றுப்புறத்தில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகியவை விளைகின்றன. வெயிலில் நீண்ட நேரம் வேலை செய்து போதிய நீர் அருந்தாமல் வரும் நீரிழப்பு, ஏற்கெனவே ஆபத்துள்ளவரிடம் இரத்தம் உறைவதற்குத் துணைபோகும்.

இங்கே ஒருவருக்கு இரவு பத்து மணிக்கு வலி தொடங்குகிறது என்று கொள்வோம். விடியட்டும் பார்க்கலாம் என்று காலை ஆறு மணி வரை வீட்டில் இருந்தால் எட்டு மணி நேரம் போய்விடும். குடல் தாங்கும் அளவு வீட்டிலேயே முடிந்துவிடுகிறது. மாறாக உடனே 108ஐ அழைத்தால், பெரம்பலூர் மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையை விரைவில் அடைய முடியும். தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கும் இந்த ஆம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. பெரம்பலூரிலிருந்து அரியலூரில் 2022 சனவரியில் தொடங்கி வைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, திருச்சியில் கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கோ அனுப்ப இயலும். வாலிகண்டபுரத்திலிருந்து திருச்சி ஏறக்குறைய 70 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரத்துக்கு உட்பட்ட பயணம். ஆக, தொலைவு தின்னும் நேரத்தைவிடத் தயக்கம் தின்னும் நேரமே அதிகம்.

முதலில் பார்க்கும் மருத்துவமனையில் அறுவைக்கு வசதி இல்லாவிட்டாலும் செய்யக்கூடியவை உள்ளன. நாடியைப் பார்ப்பது, இ.சி.ஜி. எடுப்பது, திரவம் செலுத்தத் தொடங்குவது, வசதி இருந்தால் அங்கேயே சி.டி. ஆஞ்சியோகிராம் எடுப்பது, போகும் மருத்துவமனைக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுவது ஆகியவை அடுத்த இடத்தில் அரை மணி, ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். அனுப்பும் சீட்டில் ‘வயிற்று வலி’ என்று மட்டும் எழுதாமல் ‘குடல் இரத்த ஓட்டத் தடை என ஐயம்’ என்று எழுதுவதே ஒரு சிகிச்சை.

உடன் வருவோர் கொண்டுவர வேண்டியவை மூன்று: நோயாளி உட்கொள்ளும் மாத்திரைகள், பழைய எக்கோ அல்லது இ.சி.ஜி. தாள்கள், வலி தொடங்கிய நேரம். ‘அம்மாவுக்கு வால்வில் கோளாறு இருக்கிறது, மாத்திரையை ஒரு வாரமாகப் போடவில்லை’ என்ற ஒரு வாக்கியம் மருத்துவரைச் சரியான திசைக்குத் திருப்பிவிடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதையும் எடுத்துச் செல்வது நல்லது. அட்டையைத் தேடுவதற்காகப் புறப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. பின்னர் ஒருவர் கொண்டுவரலாம்.

பிழைத்தபின்

சிறுகுடலின் சராசரி நீளம் ஏறத்தாழ 6 மீட்டர். அகற்றியபின் 2 மீட்டருக்கும் குறைவாக எஞ்சினால் உணவையும் நீரையும் போதிய அளவு உறிஞ்ச இயலாத குறுங்குடல் நிலை உருவாகிறது. அடிக்கடி பேதி, எடைக் குறைவு, உப்புக் குறைபாடு ஆகியவை தொடரும். சிறுகுடலின் கடைசிப் பகுதி நீக்கப்பட்டிருந்தால் வைட்டமின் பி12 ஊசி வாழ்நாள் முழுதும் தேவைப்படும். வெறும் தண்ணீரை நிறையக் குடிப்பதைவிட உப்பும் சர்க்கரையும் சேர்ந்த கரைசலைச் சிறிது சிறிதாகக் குடிப்பது இவர்களுக்கு ஏற்றது. சிலருக்கு மாதக்கணக்கில் சிரை வழியாகவே ஊட்டம் தர நேரும். எஞ்சிய குடல் ஓரிரு ஆண்டுகளில் தன்னைத் தகவமைத்துக்கொள்வதால் பலர் மெல்ல வழக்கமான உணவுக்குத் திரும்புகின்றனர். அதற்கும் வழியற்ற சிலருக்குச் சிறுகுடல் மாற்று அறுவை உண்டு. சென்னையில் அது செய்யப்பட்டுள்ளது.

வயிற்றில் பை பொருத்தி வீடு திரும்புவோருக்குக் குடும்பத்தின் துணை மிகவும் தேவை. பல சமயம் அந்தப் பை தற்காலிகமானது. சில மாதங்களில் குடல் மீண்டும் இணைக்கப்படும்.

தடுப்பு

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்கள் இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது. ருமாட்டிக் வால்வு நோயோடு இக்கோளாறு இருப்போருக்கும் செயற்கை உலோக வால்வு பொருத்தியோருக்கும் வார்ஃபரின் அல்லது அசினோகுமரால் மாத்திரையே பொதுவாகத் தரப்படுகிறது. ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையை மருத்துவர் சொன்ன இடைவெளியில் செய்து அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். கீரையில் வைட்டமின் கே மிகுதி. அதற்காகக் கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும், மறுவாரம் இல்லவே இல்லை என்று மாறாமல் சீரான அளவில் உண்டால் போதும். பல் பிடுங்குவதற்கு முன்பும், வேறு மருந்து தொடங்குவதற்கு முன்பும் இம்மாத்திரையை எடுப்பதை மருத்துவரிடம் சொல்வது அவசியம்.

ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடப்படும் பென்சிலின் ஊசி வால்வு மேலும் கெடாமல் காக்கிறது. பள்ளிப் பருவத்தில் தவறாமல் போட்ட அந்த ஊசி, முப்பது ஆண்டுகள் கழித்து ஒருவரின் மூளையையும் குடலையும் காக்கக்கூடும். தமனி தடிப்பதைத் தவிர்க்கப் புகையிலையை விடுவதும், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதும் வழி. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இவ்விரு நோய்களுக்கான மாத்திரைகள் வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. சாப்பிட்டபின் தொடர்ந்து வயிறு வலித்து எடையும் குறைந்து வந்தால், அல்சர் என்று தாமே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அடைப்பு முழுமையாவதற்கு முன்பே சுருக்கத்தைச் சரிசெய்ய முடியும்.

வரலாறு

பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகர மருத்துவர் அந்தோனியோ பெனிவியேனி இந்நோயை ஒத்த நிலையை விவரித்தார். 1895இல் எலியட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், அழுகிய குடலை வெட்டி நீக்கி நோயாளியைப் பிழைக்க வைத்ததைப் பதிவு செய்தார். அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் குடலை வெட்டுவது ஒன்றே வழியாக இருந்தது. 1951இல் கனடாவைச் சேர்ந்த கிளாஸ், குடலை வெட்டாமல் தமனியைத் திறந்து கட்டியை எடுத்த அறுவையை விவரித்தார். 1963இல் தாமஸ் ஃபோகார்ட்டி அறிமுகப்படுத்திய பலூன் குழாய் அந்த வேலையை எளிதாக்கியது. சி.டி. ஆஞ்சியோகிராம் பரவலானபின் வயிற்றைத் திறக்காமலேயே அடைப்பைக் காண முடிந்தது.

கருவிகள் இவ்வளவு வளர்ந்தும் இந்நோயின் இறப்பு விகிதம் அதே வேகத்தில் குறையவில்லை. கருவி இருக்கும் அறைக்கு நோயாளி வந்து சேரும் நேரம் பெரிதாக மாறவில்லை என்பதே அதற்குக் காரணம். இதய நோயுள்ள ஒருவருக்குத் திடீரென, தாங்கமுடியாத, ஊசிக்கும் அடங்காத வயிற்று வலி வந்தால், அது கேஸ் அன்று என்று நினைப்பதே இந்நோய்க்கான முதல் சிகிச்சை.